2.27-க்கும் 2.28-க்கும் நடுவே ஒரு எடை மேடை

போன சனிக்கிழமை மாலை 4:40. பழைய இரும்பு ஏற்றிய லாரி ஒன்று எடை மேடையில் ஏறி நின்றது. இண்டிகேட்டரின் சிவப்பு எண்கள் கொஞ்சம் தடுமாறி 12,480-இல் நிலைத்தன. அதே எண் கம்ப்யூட்டர் திரையிலும் வந்தது. பில் பிரிண்டர் கிறீச்சிட ஆரம்பித்தது. நானும் எங்கள் ஆபீஸ் தூத்துக்குடித் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இந்த ஒரு எண்ணைப் புது சிஸ்டத்தில் திரைக்குக் கொண்டுவர எங்களுக்குப் பதினைந்து மாதம் ஆகியிருக்கிறது. உண்மையில் வேலை நாலைந்து நாள்தான். மிச்சமெல்லாம் தள்ளிப்போட்டது. தலைப்பில் இருப்பவை லினக்ஸின் ஓர் அடிப்படை நூலகத்தின் வெர்ஷன் எண்கள்.

மொரீஷியஸில் ரோஸ் ஹில்லில் ஒரு சின்ன ஆபீஸில் வேலை எனக்கு. வாடிக்கையாளர்களில் ஒருவர் போர்ட் லூயிஸ் ஓரத்தில் பழைய இரும்பு யார்டு வைத்திருக்கிறார். அங்கே எடை மேடைக்கு ஒரு மென்பொருள் 2018-இல் எழுதிக் கொடுத்தோம். பைத்தான் 3.6, உபுண்டு 18.04, ஒரு சாதாரண டெஸ்க்டாப். இண்டிகேட்டரிலிருந்து சீரியல் கேபிள் வந்து யூ.எஸ்.பி. அடாப்டர் வழியாக உள்ளே போகும். இண்டிகேட்டரோடு வந்த நூலகம் கம்பைல் செய்த கோப்பாக மட்டுமே கிடைத்தது. பைத்தான் 3.6-க்கு மேல் அது வேலை செய்யாது, மூல நிரலும் கிடையாது. அதனால் சிஸ்டத்தை மேம்படுத்தும் பேச்சு வரும்போதெல்லாம் எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்ப்போம்.

2024 ஜனவரி 15-இல் பெலால் புயல் வந்தது. போர்ட் லூயிஸ் தெருவில் கார்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போன நாள். யார்டு ஷெட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். டெஸ்க்டாப்பை மூன்று செங்கல் மேல் ஏற்றி வைத்திருந்ததால் தப்பியது. அதற்கப்புறம் அந்தப் பெட்டியைத் தொடவே பயம் எங்களுக்கு. ஓடுகிற மட்டும் ஓடட்டும் என்று விட்டுவிட்டோம்.

பிப்ரவரி 1 இங்கே அடிமைமுறை ஒழிப்பு நாள், பொது விடுமுறை. மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் லேப்டாப்பைத் திறந்தேன். நான் நிரல் எழுதும் எடிட்டரான வி.எஸ். கோட் தன்னைத் தானே 1.86-க்குப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. வழக்கம்போல, தூரத்துக் கணினியை எடிட்டருக்குள்ளிருந்தே திறக்கும் ரிமோட் எஸ்.எஸ்.எச். வழியாக யார்டு சர்வரை, அதாவது அந்த டெஸ்க்டாப்பைத் தொட்டேன். இணைப்பு நடக்கவில்லை.

"அண்ணே, முந்தாநேத்து ஓடிச்சுல்லா?" என்றான் தம்பி.

ஓடியது. அதனால் முதல் பழி இணையத்தின் மேல். கடலடி கேபிள் ஏதாவது அறுந்திருக்கும் என்று அரை மணி நேரம் ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டேன். சர்வர் இருப்பது இதே தீவில், பதினைந்து கிலோமீட்டருக்குள். கடலடி கேபிளுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தம்பி கேட்ட பிறகுதான் உறைத்தது. சாதாரண டெர்மினலிலிருந்து எஸ்.எஸ்.எச். போட்டேன், கும்மென்று உள்ளே போனது. அப்போ பிரச்சினை எடிட்டரில்.

லாக் கோப்பைப் படித்தேன். ஜிலிப்சி 2.28 அல்லது அதற்கு மேல் வேண்டும், இங்கே இருப்பது 2.27 என்று ஒரே வரியில் சொல்லியிருந்தது. ஜிலிப்சி என்பது லினக்ஸில் ஏறக்குறைய எல்லா நிரல்களும் நம்பியிருக்கும் அடிப்படை நூலகம். சர்வரிலேயே எல்டிடி கட்டளையிடம் வெர்ஷன் கேட்டுப் பார்த்தேன். அதுவும் 2.27 என்றது. ரிமோட் எஸ்.எஸ்.எச். வேலை செய்யும் விதம் இதுதான்: எடிட்டர் தன் சர்வர் பகுதி ஒன்றை அந்தப் பக்கத்துக் கணினியில் இறக்கி ஓட்டும். அந்தப் பகுதி, தன்னை ஓட்டும் தளமான நோட்.ஜே.எஸ்.-இன் 18-ஆம் பதிப்புக்கு மாறியிருந்தது. அதன் ஆயத்தக் கோப்புகள் ஜிலிப்சி 2.28-க்குக் கீழே ஓடாது. 18.04-இல் தேவையான மற்றொரு நூலகமான லிப்எஸ்டிடிசி++ சரியான அளவில்தான் இருந்தது. ஜிலிப்சியில் மட்டும் ஒரு புள்ளி குறைவு. 2.27 வந்தது 2018 பிப்ரவரியில், 2.28 வந்தது அதே வருஷம் ஆகஸ்டில். ஆறு மாத வித்தியாசம். பத்தாம் வகுப்பில் 34 மார்க் வாங்கியவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

இனிமேல் நான் செய்தது யாரும் செய்யக் கூடாதது. தம்பி வேண்டாம் என்று சொன்னதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

என் லேப்டாப்பில் உபுண்டு 20.04, அதில் ஜிலிப்சி 2.31. ஜிலிப்சியின் முக்கியக் கோப்பான லிப்சியை மட்டும் யார்டு சர்வருக்குப் பிரதி எடுத்து, மற்ற நூலகங்கள் இருக்கும் கோப்புறையில் போட்டு, பழைய கோப்பைக் காட்டிக்கொண்டிருந்த இணைப்பைப் புதியதற்குத் திருப்பினேன். இரண்டு நிமிட வேலை. அடுத்து கோப்புகளைப் பட்டியலிடும் எல்.எஸ். கட்டளையை அடித்தேன். ஜிலிப்சி பிரைவேட் என்று ஏதோ பிழை. சூடோ அடித்தேன், அதே பிழை. கேட், சி.பி., எம்.வி. எல்லாம் அதே. லிப்சியும் அதை ஏற்றுகிற லோடரும் ஒரே வெர்ஷனாக இருக்க வேண்டும். நான் ஒன்றை மட்டும் மாற்றியிருந்தேன். புதிதாக எந்த நிரலும் எழ முடியாது. இன்னொரு ஜன்னலில் எஸ்.எஸ்.எச். முயன்றேன், கதவு மூடிவிட்டது.

அப்போது யார்டிலிருந்து போன். எடை மேடையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர். ஐந்தாம் தலைமுறை மொரீஷியஸ் தமிழர். கோயிலில் தேவாரம் அட்சரம் பிசகாமல் பாடுவார், பேச்செல்லாம் கிரியோல். "பாப்யே பா பே சோர்தி" என்றார். பேப்பர் வெளியே வரவில்லையாம். எடை மட்டும் திரையில் வருகிறதாம். யோசித்தால் சரிதான். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த எங்கள் நிரல் பழைய லிப்சியை நினைவகத்தில் பிடித்து வைத்திருந்தது. பில் அடிக்கும்போது மட்டும் பிரிண்ட் கட்டளையைப் புதிதாக எழுப்பும், அது செத்துப் போயிருந்தது. பெரியவர் அலட்டிக்கொள்ளவில்லை. பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து இண்டிகேட்டரைப் பார்த்து எடையைக் கையால் எழுத ஆரம்பித்துவிட்டார்.

என்னைக் காப்பாற்றியது ஒரே விஷயம்: ரூட், அதாவது முழு நிர்வாக உரிமையோடு ஒரு டெர்மினல் ஜன்னல் திறந்தபடி இருந்தது. அதில் கட்டளைகளை வாங்கும் பேஷ் ஷெல் உயிரோடு இருந்தது. எல்.எஸ். இல்லாவிட்டால் என்ன, எக்கோ ஷெல்லுக்குள்ளேயே இருக்கிற கட்டளை. எக்கோவுக்குப் பக்கத்தில் கோப்புறைப் பெயரையும் ஒரு நட்சத்திரத்தையும் போட்டால் கோப்புப் பெயர்களைக் கொட்டும். பழைய 2.27 கோப்பு அங்கேயே இருந்தது. அப்புறம், எந்த நூலகத்தை முதலில் ஏற்ற வேண்டும் என்று சொல்லும் எல்டி பிரீலோட் மாறியில் அந்தப் பழைய கோப்பின் முழு முகவரியைக் கொடுத்து, அதே வரியில் இணைப்பைப் பழையபடி திருப்பும் கட்டளையை எழுதினேன். என்டர் தட்டும் முன் மூன்று தடவை வாய்விட்டுப் படித்தோம். தம்பி ஒவ்வொரு சாய்கோட்டையும் விரலால் தொட்டு எண்ணினான். என்டர். எதுவும் சொல்லாமல் அடுத்த வரி வந்தது. எல்.எஸ். அடித்தேன், பெயர்கள் வந்தன. பதினெட்டு நிமிடம் சர்வர் செத்துப் பிழைத்திருந்தது. பெரியவர் நோட்டில் ஐந்து லாரி.

அன்றைக்குத் தற்காலிகத் தீர்வு எல்லோரும் செய்ததுதான். வி.எஸ். கோட் 1.85.2-ஐ சுருக்கக் கோப்பாக இறக்கி, பிரித்த கோப்புறைக்குள் டேட்டா என்று ஒரு வெற்றுக் கோப்புறை வைத்தால் அது தனி உலகமாக ஓடும். இருக்கிற நிறுவலைத் தொடாது. புதுப்பிப்பைக் கைமுறைக்கு மாற்றி, நீட்சிகள் தாமாகப் புதுப்பித்துக்கொள்வதையும் அணைத்தேன். இருபது நிமிடத்தில் பழைய எடிட்டர், பழைய சர்வர், பழைய சிநேகம். இதை முதலில் செய்திருந்தால் மேலே சொன்ன சாகசம் எதுவும் வேண்டியதில்லை.

சாயங்காலம் காத்ர் போர்னுக்கு மெட்ரோவில் திரும்பும்போது வி.எஸ். கோட்டின் கிட்ஹப் பக்கத்தில் இதைப் பற்றி நடந்துகொண்டிருந்த சண்டையைப் படித்துக்கொண்டே வந்தேன். உலகம் முழுக்க எரிச்சல். கோபத்தில் பல ரகம் இருந்தது. பல்கலைக்கழகக் கணினித் தொகுதிகளில் வேலை செய்பவர்கள்: சிஸ்டத்தை மாற்ற அவர்களுக்கு உரிமையே கிடையாது, அட்மின் மனசு வைக்க வேண்டும். சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் வைத்திருப்பவர்கள்: அதில் ஜிலிப்சி 2.17, ஆனால் அந்த சிஸ்டத்தின் ஆயுள் 2024 ஜூன் 30 வரை இருந்தது. சாவதற்கு முன்பே ஏன் பாடை கட்டுகிறீர்கள் என்ற அவர்கள் கேள்வியில் நியாயம் உண்டு. ஜெட்சன் நானோ என்ற சின்னக் கணினிப் பலகை வைத்திருப்பவர்கள் பாவம். அதற்கான அதிகாரபூர்வ சிஸ்டம் 18.04-ஓடு நின்றுவிட்டது, மேலே போக வழியில்லை. எதிர்ப்பக்கம், காலாவதியான சிஸ்டத்தை இன்னும் ஓட்டினால் யார் பொறுப்பு என்று கேட்டவர்கள். வழக்கம்போல விம் என்ற பழைய எடிட்டர் இருக்க இந்தக் கவலை எதற்கு என்று திண்ணையில் உட்கார்ந்து சிரித்தவர்கள்.

எனக்கு எந்தக் கட்சியிலும் சேர முகமில்லை. உபுண்டு 18.04-க்கான வழக்கமான ஆதரவு 2023 மே மாதமே முடிந்துவிட்டது. எட்டு மாதமாக நான்தான் தூங்கியிருக்கிறேன். 1.86-இன் வெளியீட்டுக் குறிப்பிலேயே லினக்ஸ் தேவைகள் மாறியதைச் சொல்லியிருந்தார்கள், படித்தவன் யார்? ஆனாலும் கத்தியவர்கள் பக்கம் ஒரு விஷயத்தில் நிற்பேன். புதுப்பிப்பு நடந்தது என் லேப்டாப்பில், கதவு அடைபட்டது இன்னொருவர் ஷெட்டில் இருக்கிற பெட்டிக்கு. எடிட்டர் தன்னை மாற்றிக்கொள்ளும் முன், நீ தினமும் போய்வருகிற இடங்களில் இனிமேல் என்னால் நுழைய முடியாது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சத்தம் போட்டதற்குப் பலன் இருந்தது. சில நாட்களில் 1.86.1 வந்தது. பழைய சிஸ்டங்களோடு தொடர்ந்து இணையலாம், ஒரு வருஷம் தவணை, மேலே ஓர் எச்சரிக்கைப் பட்டை மட்டும் இருக்கும் என்றார்கள். இதைச் சொன்னபோது ஆபீஸில் ஒரு உள்ளூர்க்காரர் சட்டைப்பையிலிருந்து ரூபாய் நோட்டை எடுத்துக் காட்டினார். மொரீஷியஸ் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அப்புறம் இந்தி. 1998-இல் புது நோட்டு அடித்தபோது இந்தியை முன்னால் போட்டுவிட்டார்கள். இங்குள்ள தமிழர்கள் கொதித்து எழுந்தார்கள், வங்கி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று பழைய வரிசைக்கே வந்தது. "அதுவும் 1.86.1தான்" என்றார். தம்பி அன்றைக்கு முழுவதும் அந்த நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த ஒரு வருஷத்தில் நாங்கள் என்ன செய்தோம்? பட்டையை மூடினோம். தினமும் காலையில் அந்தச் சின்னப் பெருக்கல் குறியை அழுத்தினோம்.

2025 ஏப்ரலில் 1.99 வந்தது. தவணை முடிந்தது. இந்தத் தடவை லிப்சியைத் தொடவில்லை. அதிகாரபூர்வமாகச் சொல்லப்பட்ட மாற்று வழி ஒன்று உண்டு: ஜிலிப்சி 2.28 உள்ள ஒரு சிஸ்ரூட்டை, அதாவது நூலகங்கள் அடங்கிய கோப்புறையை, தனியாகக் கட்டி, சர்வரில் ஒரு மூலையில் வைத்து, பேட்ச்எல்ஃப் என்ற கருவியால் வி.எஸ். கோட் சர்வரை மட்டும் அதை நோக்கித் திருப்புவது. சிஸ்டத்தின் லிப்சி அப்படியே இருக்கும். கிராஸ்டூல் என்.ஜி. என்ற கருவியை வைத்து, நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனி அறைக்குள் அடைத்து ஓட்டும் டாக்கரில், என் லேப்டாப்பிலேயே கட்டினேன். முதல் தடவை வட்டில் இடம் போதாமல் பாதியில் நின்றது. இரண்டாம் தடவை 50 நிமிடம், விசிறி ஹெலிகாப்டர் மாதிரி இரைந்தது. 18.04-இன் களஞ்சியத்தில் கிடைக்கும் பேட்ச்எல்ஃப் மிகப் பழையது, புதியதைத் தனியாக இறக்கினேன். கடைசியாக மூன்று சூழல் மாறிகள்: லோடர் எங்கே, நூலகங்கள் எங்கே, பேட்ச்எல்ஃப் எங்கே. மூன்றாவதில் கோப்புக்குப் பதில் கோப்புறையின் பெயரைக் கொடுத்து ஒரு மணி நேரம் போனது. அப்புறம் இணைந்தது.

ஆறு வாரம் இப்படி ஓட்டினேன். வேலை செய்தது, ஆனால் ஒட்டுப்போட்ட டியூபில் பைக் ஓட்டுகிற மாதிரி காது எப்போதும் சத்தத்திலேயே இருந்தது. சொந்தமாக பைனரி கொண்டுவரும் ஓரிரு நீட்சிகள் எழவே இல்லை, அவற்றை யாரும் திருப்பிவிடவில்லையே.

மே மாதத்தில் துணிந்தோம். பழைய வட்டை அப்படியே கழற்றி பத்திரப்படுத்திவிட்டு, 480 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டோம், 1,950 மொரீஷியஸ் ரூபாய். மேலே உபுண்டு 22.04, அதன் ஜிலிப்சி 2.35. எங்கள் நிரலையும் அந்தப் பழைய நூலகத்தையும் 18.04 டாக்கர் கன்டெய்னருக்குள் வைத்தோம். கர்னல் புதியது, உள்ளே இருப்பவர்களுக்கு இன்னும் 2018 நடக்கிறது.

இங்கேயும் ஒரு தவறான திருப்பம். எடிட்டரைக் கன்டெய்னருக்குள்ளேயே இணைக்கும் வசதி இருக்கிறதே என்று அழுத்தினேன். பழைய நண்பன் வந்து நின்றான்: ஜிலிப்சி 2.28 வேண்டும். எடிட்டரின் சர்வர் பகுதி கன்டெய்னருக்குள் போய்த்தானே இறங்கும், அங்கே இருப்பது 2.27. சிரிப்புதான் வந்தது. எடிட்டரை வெளியே வைத்து, நிரல் கோப்புறையை மட்டும் கன்டெய்னருக்குள்ளும் தெரியும்படி மவுன்ட் செய்து, எழுதுவது வெளியே ஓடுவது உள்ளே என்று பிரித்தோம். கன்டெய்னர் உருவாக்கும் கோப்புகள் எல்லாம் ரூட் பெயரில் பிறந்தன. பயனர் எண் 1000 என்று கொடுத்ததும் அது தீர்ந்தது.

அடுத்து சீரியல் அடாப்டர். செருகினால் ஒரு நொடி தெரிந்து மறைந்தது. கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன். புது அடாப்டரே வாங்கினேன், 900 ரூபாய். அது வேலை செய்தது. ஆனால் பழையது ஏன் செத்தது என்று மனசு கேட்கவில்லை. கர்னல் செய்திகளைப் பார்த்தால், பி.ஆர்.எல்.டி.டி.ஒய். என்ற சேவை அதைப் பிடுங்கிக்கொள்கிறது. பார்வையற்றோருக்கான பிரெயில் திரைகளை இணைப்பது அதன் வேலை. சி.எச்.340 சில்லு உள்ள மலிவான அடாப்டரின் அடையாள எண்ணும் சில பிரெயில் கருவிகளின் அடையாள எண்ணும் ஒன்று, அதனால் குழம்பிவிடுகிறது. நான் டெஸ்க்டாப் பதிப்பை நிறுவியதால் வந்த வினை. இந்த யார்டில் அந்த சேவை தேவைப்படாததால் நீக்கினேன், பழைய அடாப்டர் எழுந்து உட்கார்ந்தது. 900 ரூபாய் தண்டம், சரி, மாற்று உபரியாக இருக்கட்டும். கன்டெய்னருக்கு அடாப்டரைக் கொடுக்கும்போது ஒரு யோசனை: போர்ட் எண்ணைக் கொடுக்காதீர்கள், செருகும் வரிசை மாறினால் எண்ணும் மாறும். சாதனத்தின் அடையாளப் பெயரால் வரும் முகவரியைக் கொடுங்கள்.

மொத்தச் செலவு 2,850 ரூபாய், இரண்டு சனிக்கிழமை, ஆறு ஜோடி தால் பூரி. செங்கல் மூன்றும் பழையதே. மறுபடி செய்வதானால் சர்வர் பதிப்பைத்தான் போடுவேன். எடிட்டர் புதுப்பிப்பு இப்போது கைமுறையில் இருக்கிறது. மாதம் ஒரு தடவை, வெள்ளிக்கிழமை அல்லாத ஒரு நாளில், குறிப்பைப் படித்துவிட்டுத்தான் அழுத்துகிறேன். யார்டு பெட்டியில் எதைச் செய்தாலும் பக்கத்தில் இரண்டாவது ரூட் ஜன்னல் ஒன்று திறந்திருக்கும்.

அந்த 12,480 கிலோ பில்லுக்கு வருகிறேன். பிரிண்டர் நின்றதும் பெரியவர் தாளைக் கிழித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "லேர்-லா பா போன்" என்றார். நேரம் சரியில்லையாம். மாலை 4:40-க்கு அடித்த பில்லில் 12:40 என்று இருந்தது. கன்டெய்னர் கிரீன்விச்சில் வாழ்ந்துகொண்டிருக்கிறது, நாங்கள் நாலு மணி நேரம் முன்னால். நேர மண்டல மாறியில் மொரீஷியஸ் என்று எழுதினேன், அசையவில்லை. அந்த 18.04 இமேஜில் நேர மண்டலத் தரவுத் தொகுப்பே கிடையாது, பெயரைச் சொன்னால் அதற்கு எப்படித் தெரியும்? வெளியே இருக்கிற உள்ளூர் நேரக் கோப்பைப் படிக்க மட்டும் உள்ளே மவுன்ட் செய்தேன், அடுத்த பில்லில் 16:58 என்று வந்தது.

அதற்குள் பெரியவர் முதல் பில்லில் 12:40-ஐப் பேனாவால் அடித்து, மேலே 16:40 என்று எழுதி, லாரிக்காரருக்குக் கொடுத்து அனுப்பிவிட்டார். கார்பன் நகல் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறது, செங்கலுக்குச் சற்று மேலே.